வட்டமேசையில் ஒரு தனிக்குரல்

குமாரமங்கலம் என்ற பெயரைக் கேட்டதும் சேலம், நாமக்கல் பகுதி மக்களின் நினைவுக்கு வருவோர் பெரும்பாலும் ஆண்களே. சென்னை மாகாணத்தின் முதல்வராகவும், பின்னாளில் மத்திய அமைச்சராகவும், மகாராஷ்டிர ஆளுநராகவும் இருந்த டாக்டர் ப. சுப்பராயன், 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படைக்குத் தலைமை வகித்த ஜெனரல் பி.பி. குமாரமங்கலம், இந்திரா காந்தியின் அமைச்சரவையில் எஃகு, சுரங்கத் துறையைக் கவனித்த மோகன் குமாரமங்கலம், சேலம் தொகுதியிலிருந்து மும்முறை மக்களவைக்குச் சென்ற ரங்கராஜன் குமாரமங்கலம். திருச்செங்கோட்டை அடுத்த ஒரு சிறிய ஜமீனிலிருந்து இத்தனை பேர் டெல்லிக்குச் சென்றிருக்கிறார்கள். ஆனால் அக்குடும்பத்திலிருந்து டெல்லிச் சட்டமன்றத்துக்குள் முதலில் நுழைந்தவர் இவர்களுள் எவரும் அல்லர். 1938-ஆம் ஆண்டு அங்கே சென்று அமர்ந்தவர் ராதாபாய் சுப்பராயன். நாட்டின் மத்தியச் சட்டமன்றத்தில் இடம்பெற்ற முதல் பெண்ணும் அவரே.

அவர் பெயரை அறிந்தோர் நம் மாவட்டங்களிலேயே குறைவு. அறிந்தோரும் சுப்பராயனின் துணைவியார், மோகனின் தாயார் என்ற அளவில்தான் அறிந்திருப்பர். நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கும் 106-ஆவது அரசமைப்புத் திருத்தம் 2023-இல் நிறைவேறியபோது நெடிய உரைகள் பல நிகழ்த்தப்பட்டன. அதே கோரிக்கையை 1930-இல் இலண்டனில் எழுப்பி, அதற்காகத் தம் காலத்துப் பெண் தலைவர்களின் அதிருப்திக்கு ஆளான ஒருவர் நம் ஊர்க்காரர் என்பதை நாமே மறந்துவிட்டோம்.

ராதாபாய் பிறந்தது 1891-இல், மங்களூரில். தந்தை குத்முல் ரங்கராவ் வழக்கறிஞர். சாரஸ்வத பிராமணக் குடும்பத்தில் பிறந்து பிரம்ம சமாஜத்தின் வழியில் நின்றவர். தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட மக்களின் குழந்தைகளுக்குப் பள்ளி நடத்தத் தொடங்கிய அவர், அம்மக்களுக்காகவே 1897-இல் ஒரு சேவை அமைப்பை நிறுவினார். எழுத்தறிவு, கைத்தொழில், குடியிருக்க மனை என்று அவர் பணி விரிந்தது. சொந்தச் சாதியார் அவரை விலக்கி வைத்தனர்; அவர் பின்வாங்கவில்லை. தம் இறுதிச் சடங்கை அம்மக்களே செய்யவேண்டும் என்று விரும்பிய அவர் 1928-இல் மறைந்தார். நல்லெண்ணம் மட்டும் ஒருவரைப் படிக்கட்டில் ஏற்றிவிடாது, முதற்படியை யாரேனும் கட்டித்தர வேண்டும் என்பதை ராதாபாய் எந்த நூலிலும் படித்துத் தெரிந்துகொண்டிருக்க வேண்டியதில்லை. அவர் வளர்ந்த வீட்டின் அன்றாடமே அதுதான்.

மங்களூரில் பள்ளிப் படிப்பு, சென்னை மாநிலக் கல்லூரி, பின்னர் ஆக்ஸ்போர்டின் சாமர்வில் கல்லூரி என்று அவர் கல்வி அமைந்தது. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகம் பெண்களுக்குப் பட்டம் வழங்கத் தொடங்கியதே 1920-இல்தான் என்பதை நினைவில் வைத்தால், அக்காலத்தில் ஓர் இந்தியப் பெண் அங்கே சென்று பயின்றதன் அருமை விளங்கும். 1912-இல் குமாரமங்கலம் ஜமீன்தாரான சுப்பராயனை மணந்தார். துளு நாட்டின் பிராமணப் பெண்ணும் கொங்கு வேளாளர் குல ஜமீன்தாரும் செய்துகொண்ட அம்மணம் இன்றும்கூட நம் ஊர்களில் எளிதில் நடந்துவிடக்கூடியதன்று. பரமசிவ பிரபாகர், கோபால், மோகன் என மூன்று ஆண்மக்கள். 1919-இல் பிறந்த பார்வதி ஒரே மகள்.

சென்னை மாகாணம் 1921-இலேயே பெண்களுக்கு வாக்குரிமை வழங்கிவிட்டது என்று நாம் பெருமை பேசுவதுண்டு. பெருமைக்கு நியாயம் உண்டு. பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களுள் அதுதான் முன்னோடி. ஆனால் அந்த உரிமையின் உள்ளே ஒரு பூட்டு இருந்தது. வாக்குரிமை பாலினத்தை ஒட்டியதாக இல்லாமற்போனாலும் சொத்தை ஒட்டியதாகவே நீடித்தது. நிலவரியோ வேறு வரியோ செலுத்துவோர்தாம் வாக்காளர். நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கே வாக்கு. திருச்செங்கோடு, ராசிபுரம், நாமக்கல், ஆத்தூர் வட்டங்களில் எத்தனை பெண்களின் பெயரில் பட்டா இருந்திருக்கும்? இருபதுகளின் இறுதியில் இந்தியா முழுவதும் எடுத்துக்கொண்டால், இருபது ஆண் வாக்காளருக்கு ஒரு பெண் வாக்காளர் என்ற அளவில்தான் நிலைமை இருந்தது. சட்டம் கதவைத் திறந்து வைத்தது. சாவி மட்டும் கிராமக் கணக்குப் புத்தகத்தில் இருந்தது.

பொருளியல் கற்பித்த ஆண்டுகளில் நான் இதை வகுப்பில் ஒரு கேள்வியாகவே வைப்பதுண்டு. உங்கள் வீட்டு நிலத்தின் பட்டா யார் பெயரில் இருக்கிறது? பெரும்பாலோர் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். களை எடுப்பதும், நாற்று நடுவதும், மாட்டைப் பார்ப்பதும் தாயார் என்று தயங்காமல் சொல்வார்கள். பட்டா பற்றிய கேள்விக்கு மட்டும் சிறிது நேரம் அமைதி நிலவும். பிறகு அப்பாவின் பெயரோ, தாத்தாவின் பெயரோ வரும். தொண்ணூறுகளிலும் அப்படித்தான்.

சுப்பராயன் 1926 டிசம்பரில் மாகாண முதல்வரானார். எந்தக் கட்சியையும் சாராத அமைச்சரவை அது. நான்காண்டுக் காலம் பல புயல்களுக்கிடையே தாக்குப்பிடித்தது. அந்த ஆண்டுகளில்தான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சென்னைச் சட்ட மேலவையில் நியமன உறுப்பினராகி, துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். மங்களூரில் பிறந்த இன்னொரு பெண்ணான கமலாதேவி சட்டோபாத்யாய 1926-இல் தேர்தலில் நின்று மிகச் சில வாக்குகளில் தோற்றிருந்தார். ஆக, சட்டமன்றத்துக்குள் பெண் செல்வது என்பது அன்று இரண்டே வழிகளில்தான் நடக்கக்கூடியதாக இருந்தது. அரசு நியமித்தால் உள்ளே போகலாம். தேர்தலில் நின்றால் தோற்கலாம். ராதாபாய் இதை அருகிலிருந்து கண்டார். முதல்வரின் மனைவி என்ற இடம் அவருக்கு அரசாங்கம் இயங்கும் விதத்தை உள்ளிருந்து காட்டியது. அகில இந்திய மாதர் மாநாட்டுப் பணிகளிலும் சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிக்குழுவிலும் அவர் ஈடுபட்டிருந்தார்.

1930-ஆம் ஆண்டு எல்லாவற்றையும் இரண்டாகப் பிரித்தது. ஏப்ரலில் ராஜாஜி வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார். அவர் 1925-இல் தொடங்கிய காந்தி ஆசிரமம் இருந்த புதுப்பாளையம், குமாரமங்கலத்தைப் போலவே திருச்செங்கோட்டைச் சேர்ந்த ஊர்தான். மே மாதம் காந்தி கைதானார். அதைக் கண்டித்து முத்துலட்சுமி ரெட்டி தம் பதவியை விட்டு விலகினார். அக்டோபரில் சுப்பராயனின் அமைச்சரவை முடிவுற்றது. நவம்பரில் இலண்டனில் முதல் வட்டமேசை மாநாடு கூடியபோது காங்கிரஸ் அதைப் புறக்கணித்தது. தலைவர்கள் சிறையில் இருந்தனர். அந்த மாநாட்டுக்கு அரசால் அழைக்கப்பட்டுச் சென்ற இரண்டு பெண்களுள் ஒருவர் ராதாபாய். மற்றவர் பஞ்சாபைச் சேர்ந்த பேகம் ஜஹானாரா ஷா நவாஸ்.

அவர் சென்றிருக்க வேண்டுமா என்ற கேள்வியை அன்றே பலரும் எழுப்பினர். ஒரே வட்டத்தில், ஒரு பக்கம் கதர் நூற்று மதுவிலக்குப் பிரச்சாரம் செய்யும் ஆசிரமம். மறுபக்கம் வைசிராயின் அழைப்பில் கப்பலேறும் ஜமீன் வீட்டுப் பெண்மணி. நம் மக்களின் மனம் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. அவரை எந்தப் பெண்கள் சங்கமும் தேர்ந்தெடுத்து அனுப்பவில்லை. அது உண்மையான குறைதான். ஆனால் அங்கே சென்றபின் அவர் என்ன கேட்டார் என்பதையும் பார்க்க வேண்டும்.

வாக்குரிமை பற்றிய துணைக்குழுவில் அவரும் ஷா நவாஸும் வைத்த கோரிக்கை எளிமையானது. புதிய சட்டமன்றங்களில் பெண்களுக்கு நூற்றுக்கு ஐந்து இடங்களை ஒதுக்கவேண்டும். அதுவும் நிரந்தரமாக அன்று, தொடக்கக் காலத்துக்கு மட்டும். வெறும் ஐந்து! இன்று கேட்டால் சிரிப்பு வரும். அதையும் மாநாடு ஏற்கவில்லை. மன்னர்களின் உரிமை, மதங்களின் பங்கு, மாகாணங்களின் எல்லை என்று பெரிய பேரங்கள் நடந்த மேசையில் பெண்களின் ஐந்து விழுக்காடு யாருக்கும் அவசரமானதாகத் தெரியவில்லை.

உண்மையான சோதனை அடுத்த ஆண்டு வந்தது. 1931 செப்டம்பரில் கூடிய இரண்டாம் மாநாட்டுக்குக் காந்தியுடன் சரோஜினி நாயுடுவும் வந்தார். இதற்கிடையில் நாட்டின் முக்கியமான பெண்கள் அமைப்புகள் மூன்றும் கூடி ஒரு பொது அறிக்கை தயாரித்திருந்தன. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும். பெண்களுக்கெனத் தனி ஒதுக்கீடோ நியமனமோ எவ்வகைச் சலுகையோ வேண்டியதில்லை என்பது அதன் சாரம். சரோஜினி நாயுடு அதை மாநாட்டின் முன் வைத்தார். முந்தைய ஆண்டு ராதாபாயுடன் சேர்ந்து ஒதுக்கீடு கேட்ட ஷா நவாஸும் அதில் இணைந்துகொண்டார். ராதாபாய் மட்டும் இணையவில்லை. ஒதுக்கீடு வேண்டும் என்று தனியே எழுதிக் கொடுத்தார்.

இதை வெறும் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. சரோஜினி நாயுடு தரப்பின் வாதம் உயர்வானது. பெண் என்பதற்காகத் தனி இடம் கேட்பது, பெண் தாழ்ந்தவள் என்பதை ஒப்புக்கொள்வதாகும் என்று அவர்கள் கருதினர். அதைவிட முக்கியமாக, பிரிட்டிஷ் அரசு இந்தியரைப் பிரிவு பிரிவாக வெட்டி வைத்திருக்கும் வேளையில் பெண்களும் ஒரு தனிப் பிரிவாக நின்று பங்கு கேட்டால் தேசத்தின் ஒற்றுமை குலையும் என்ற அச்சமும் அவர்களுக்கு இருந்தது. அந்த அச்சம் வீண்போகவில்லை. 1932 ஆகஸ்டில் வந்த வகுப்புவாரித் தீர்ப்பு பெண்களுக்கான இடங்களையும் மதவாரியாகவே பிரித்தது. சென்னை மாகாணப் பேரவையில் பெண்களுக்குக் கிடைத்த எட்டு இடங்களுள் ஆறு பொது, ஒன்று முஸ்லிம், ஒன்று கிறிஸ்தவர் என்றே பங்கிடப்பட்டன. பெண்கள் அமைப்புகள் இதைக் கடுமையாக எதிர்த்தன. அந்த எதிர்ப்பில் நியாயம் இருந்தது.

ஆனால் ராதாபாயின் வாதம் வேறொரு தளத்தில் நின்றது. அவர் பார்வை பொருளியல் மாணவருக்கு உடனே பிடிபடக்கூடியது. ஓட்டப்பந்தயத்தில் ஒருவர் நூறு அடி பின்னால் நிற்கும்போது எல்லோருக்கும் ஒரே விதி என்று அறிவிப்பது சமத்துவம் ஆகாது. 1931 கணக்கெடுப்பின்படி இந்தியப் பெண்களில் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு மூவர்கூட இல்லை. சொத்து இல்லை, கட்சிகளின் நிதியோ நிர்வாகமோ கையில் இல்லை, தேர்தல் செலவுக்குப் பணம் தருவாரும் இல்லை. இந்த நிலையில் பொதுத்தொகுதியில் நிற்கும் பெண்ணைக் கட்சிகள் வேட்பாளராக்கவே தயங்கும். வேட்பாளராக்கினாலும் வெல்லும் தொகுதியைத் தரமாட்டா. பெண்கள் சட்டமன்றத்தில் இருந்து பழகி, மக்களும் அவர்களைப் பார்த்துப் பழகும்வரை ஓர் ஏணி வேண்டும் என்பதே அவர் நிலை. அதே மேசையில் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்காக அம்பேத்கர் முன்வைத்த வாதமும் அடிப்படையில் இதுவே. குத்முல் ரங்கராவின் மகளுக்கு அது அந்நியமாகப் பட்டிருக்காது.

அம்பேத்கரும் அவரும் மீண்டும் ஒரே குழுவில் அமரும் வாய்ப்பும் வந்தது. வாக்குரிமையை எவ்வாறு விரிவாக்குவது என்று ஆராய லோதியன் பிரபுவின் தலைமையில் ஒரு குழு அமைக்கப்பட்டு, 1932-இன் தொடக்க மாதங்களில் இந்தியா முழுவதும் சுற்றிச் சாட்சியம் கேட்டது. அதில் இடம்பெற்ற இந்தியப் பெண் ராதாபாய் ஒருவரே. பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினரான மேரி பிக்ஃபோர்டு மற்றொரு பெண் உறுப்பினர். காந்தி மீண்டும் சிறையில் இருந்த நேரம் அது. காங்கிரஸ் ஒத்துழைக்கவில்லை. சாட்சியம் சொல்ல வந்த பெண்கள் அமைப்புகள் வயது வந்தோர் வாக்குரிமை என்பதிலேயே உறுதியாக நின்றன. குழுவோ, கோடிக்கணக்கான எழுத்தறியா மக்களுக்கு ஒரே நாளில் தேர்தல் நடத்தும் நிர்வாக வலிமை அரசுக்கு இல்லை என்று அந்தக் கோரிக்கையை ஒதுக்கியது. இருபதாண்டுகள் கழித்து, 1951-52-இல், நம் தேர்தல் ஆணையம் அதைச் செய்துகாட்டியது என்பது வேறு கதை.

அப்படியானால் பெண் வாக்காளர்களின் எண்ணிக்கையை உயர்த்துவது எப்படி? குழு கண்ட வழிகளுள் இரண்டு முக்கியமானவை. எழுத்தறிந்த பெண்ணுக்கு வாக்கு. சொத்துத் தகுதியுள்ள ஆணின் மனைவிக்கும் விதவைக்கும் வாக்கு. இரண்டாவது வழி பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. கணவனின் நிலத்தைக் கொண்டு மனைவிக்கு வாக்கு என்றால், அவள் குடிமகள் என்ற தகுதியால் அன்றி, ஒருவனின் மனைவி என்ற தகுதியால்தானே வாக்களிக்கிறாள்? அந்த அவமானத்தைப் பெண்கள் இயக்கத்தினர் சுட்டிக்காட்டியது சரியே. ஆயினும் சொத்து முழுவதும் ஆண்களிடம் குவிந்திருந்த நாட்டில், சொத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டே பெண்களின் எண்ணிக்கையைக் கூட்ட அதைவிட வேகமான வழியும் இல்லை. இறுதியில் 1935-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஏறத்தாழ 60 லட்சம் பெண்கள் வாக்காளர் பட்டியலில் இடம்பெற்றனர். இருபது ஆணுக்கு ஒரு பெண் என்றிருந்த விகிதம் ஐந்துக்கு ஒன்று என்ற அளவுக்கு வந்தது. மாகாணப் பேரவைகளில் மொத்தம் 41 இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டன. முழு வெற்றி அன்று. அவர் கேட்ட வடிவமும் அன்று. ஆனால் கதவின் பூட்டு சற்றே நெகிழ்ந்தது.

இந்தக் காலத்தில் அவருக்கு இலண்டனில் துணையாக நின்றவர் பிரிட்டிஷ் நாடாளுமன்ற உறுப்பினர் எலினார் ராத்போன். அவரும் சாமர்வில் கல்லூரி மாணவிதான். இருவருக்குமிடையே நீண்ட கடிதத் தொடர்பு இருந்தது. அதுவே ராதாபாயின் மீது மற்றவர்களுக்கு ஐயத்தையும் வளர்த்தது. அந்நிய ஆட்சியின் நாடாளுமன்றத்திலிருந்து வரும் நட்பு, எவ்வளவு நேர்மையானதாயினும், அன்றைய இந்தியாவில் ஒரு சுமைதான். புதிய அரசமைப்பில் பெண்களின் அரசியல் நிலை குறித்து ஆங்கிலத்தில் ஒரு சிறு நூலையும் ராதாபாய் எழுதினார். மேடைப் பேச்சாளராகவோ மக்கள் திரளை ஈர்ப்பவராகவோ அவர் பெயர் பெற்றதில்லை. குழு அறை, மனு, அறிக்கை, திருத்தம் இவைதாம் அவர் களம். இத்தகையவர்களை வரலாறு எளிதில் மறக்கும்; அவர்கள் பெயரில் ஊர்வலம் ஏதும் நடந்திருக்காது அல்லவா?

முப்பதுகளின் நடுவில் குடும்பத்தின் அரசியலும் மாறியது. 1932-இல் சுப்பராயன் சென்னைச் சட்ட மேலவையில் கோயில் நுழைவு மசோதாவைக் கொண்டுவந்தார். அதை விவாதிக்க வைசிராய் அனுமதி மறுத்தார். பின்னர் அவர் காங்கிரஸில் சேர்ந்து 1937-இல் ராஜாஜியின் அமைச்சரவையில் சட்டம், கல்வித் துறைகளை ஏற்றார். அந்த அமைச்சரவைதான் நாட்டிற்கே முன்மாதிரியாகச் சேலம் மாவட்டத்தில் 1937 அக்டோபர் முதல் நாள் மதுவிலக்கைத் தொடங்கியது. ஆசிரமத்துக்கும் ஜமீனுக்கும் இடையிலிருந்த தூரம் இவ்வாறு குறைந்தது.

அடுத்த ஆண்டு ராதாபாய் மத்தியச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இதில் ஒரு முரண் உண்டு. மத்தியில் பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட இடம் என்று அப்போது எதுவும் இல்லை. 1935 சட்டம் கூட்டாட்சிப் பேரவையில் பெண்களுக்கு ஒன்பது இடங்களை வைத்திருந்தது. ஆனால் அப்பேரவை உருவாகவே இல்லை. ஆகவே ஒதுக்கீட்டுக்காக வாதாடி ஊரெல்லாம் பேச்சு வாங்கியவர், ஒதுக்கீடு இல்லாத பொது இடத்தில்தான் வென்று உள்ளே சென்றார். அவர் நுழைந்தபோது அந்த அவையில் வேறொரு பெண் இல்லை. தம் வாதத்துக்குத் தாமே சான்றாகவும் அவர் அங்கே அமர்ந்திருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. அவ்வளவு கல்வி, அவ்வளவு செல்வம், அமைச்சரான கணவர், இலண்டன் வரை அறிமுகம் ஆகிய எல்லாம் இருந்த ஒரே ஒரு பெண்ணால்தான் அந்தக் கதவைத் தாண்ட முடிந்தது.

அவர் அங்கிருந்த காலத்தில் அவையின் முன்பிருந்த சமூகச் சட்டங்கள் சாதாரணமானவை அல்ல. டாக்டர் ஜி.வி. தேஷ்முக்கின் முயற்சியால் இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் 1937-இல் நிறைவேறியிருந்தது. கணவன் இறந்தால் மகனுக்குரிய பங்கு விதவைக்கும் உண்டு என்றது அது. ஆனால் ஆயுட்காலத்துக்கு மட்டும். மகளுக்கு ஒன்றும் இல்லை. அதே தேஷ்முக் அடுத்து இந்துப் பெண்ணுக்கு மணவிலக்கு உரிமை தரும் மசோதாவைக் கொண்டுவந்தார். அதைப் பற்றிய விவாதம் எப்படிப்பட்ட சூழலில் நடந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். மணமுறிவு என்ற சொல்லே குலப்பெருமைக்கு இழுக்கு என்று கருதிய பெரியவர்கள் வரிசையாக எழுந்து சாத்திரம் பேசுகின்றனர். பேசப்படுவது பெண்ணின் வாழ்வு; பேசுவோர் அனைவரும் ஆண்கள்; கேட்டுக்கொண்டும் விடை சொல்லிக்கொண்டும் இருப்பவர் ஒரே ஒரு பெண். ராதாபாய் சீர்திருத்தத்தின் பக்கம் நின்றார். மசோதா சட்டமாகவில்லை. சென்னை மாகாணத்தில் அந்த உரிமை 1949-இலும், நாடு முழுவதும் 1955-இலும்தான் வந்தது.

சொத்துரிமைச் சட்டத்தின் கதையில் நம் சமவெளிக்கு நேரடித் தொடர்பு உண்டு. விவசாய நிலம் மாகாணங்களின் அதிகாரத்துக்கு உட்பட்டது என்பதால் அச்சட்டம் விவசாய நிலத்துக்குப் பொருந்தாது என்று 1941-இல் கூட்டாட்சி நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. சேலம் மாவட்டத்து விதவைக்கு இதன் பொருள் என்ன? வீட்டில் பங்கு உண்டு, நகையில் பங்கு உண்டு, கிணறும் தோட்டமும் சட்டத்துக்கு வெளியே. செல்வம் என்பதே நிலமாக இருந்த நாட்டில், நிலத்தை நீக்கிவிட்டுச் சொத்துரிமை வழங்கப்பட்டிருந்தது. சென்னை மாகாணம் தனிச் சட்டம் இயற்றி இக்குறையை நீக்க 1947 ஆயிற்று. மகளுக்கும் பிறப்பால் பங்குரிமை என்பது தமிழ்நாட்டில் 1989-இல் வந்தது. டெல்லி 2005-இல்தான் அங்கே வந்து சேர்ந்தது. வாக்குரிமையையும் நிலவுரிமையையும் ஒன்றோடொன்று பிணைந்தவையாகக் கண்ட தலைமுறை ராதாபாயினுடையது. வாக்கு நிலத்தின் வழியே வந்த காலத்தில் அந்தப் பிணைப்பு யாருக்கும் மறைவாக இல்லை. எல்லோருக்கும் வாக்கு வந்த பிறகு, நிலத்தைப் பற்றிய பேச்சு மட்டும் மெல்லக் குறைந்துவிட்டது.

விடுதலைக்குப் பின் நடந்தவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். அரசமைப்பு நிர்ணய சபையில் பதினைந்து பெண்கள் இருந்தனர். பெண்களுக்கு ஒதுக்கீடு வேண்டாம் என்பதே அங்கும் எதிரொலித்த குரல். திறமைக்கு இடம் கிடைக்கும் என்று அவர்கள் நம்பினர். முதல் மக்களவையில் பெண்களின் பங்கு நூற்றுக்கு ஐந்தைத் தொடவில்லை. அதாவது, ராதாபாய் 1930-இல் ஒதுக்கீடாகக் கேட்டு மறுக்கப்பட்ட அளவைச் சுதந்திர இந்தியாவின் தாராளமும் எட்டவில்லை. 1974-இல் வெளிவந்த பெண்கள் நிலை பற்றிய தேசியக் குழுவின் அறிக்கையும் சட்டமன்ற ஒதுக்கீட்டைப் பெரும்பான்மையால் நிராகரித்தது. வீணா மஜும்தாரும் லோத்திகா சர்க்காரும் மாறுபட்டுத் தனிக்குறிப்பு எழுதினர். நாற்பதாண்டுகளுக்கு முன் ராதாபாய் இருந்த இடத்துக்கே அவர்கள் இருவரும் வந்து சேர்ந்திருந்தனர். பிறகு 1993-இல் உள்ளாட்சிகளில் மூன்றில் ஒரு பங்கு. தமிழ்நாட்டில் 2016-இல் அது பாதியாக உயர்ந்தது. இன்று நாமக்கல் மாவட்டத்து ஊராட்சிகளில் தலைவர் நாற்காலியில் பெண் அமர்வது செய்தியே அல்ல. சில ஊர்களில் கணவரே கையெழுத்துப் போடுகிறார் என்ற கேலியை நானும் கேட்டிருக்கிறேன். உண்மைதான். ஆனால் முதல் முறை கணவர் பேசிய ஊரில் இரண்டாம் முறை அப்பெண்ணே பேசியதையும் கண்டிருக்கிறேன். பழகும்வரை ஓர் ஏணி என்று ராதாபாய் கேட்டது இதைத்தான்.

அவருடைய குறைகளை மறைக்க வேண்டியதில்லை. அவர் மனத்திலிருந்த பெண் பெரும்பாலும் படித்த பெண். களத்துமேட்டில் நெல் தூற்றுபவளும், ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் கூலிக்குப் பறிப்பவளும் அவர் கேட்ட வாக்குரிமையில் உடனடியாக இடம் பெற்றிருக்கமாட்டார்கள். அந்த வகையில் வயது வந்தோர் அனைவருக்கும் வாக்கு என்று உறுதியாக நின்ற சரோஜினி நாயுடு தரப்பே தொலைநோக்குடையது. வாக்கைப் பொறுத்தவரை அவர்கள் சரி. இடத்தைப் பொறுத்தவரை ராதாபாய் சரி. இரு தரப்பும் தத்தம் பாதியை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தன என்பது இத்தனை ஆண்டுகள் கழித்துப் பார்க்கும் நமக்கு எளிதாகத் தெரிகிறது.

ராதாபாய் 1960-இல் காலமானார். அதற்குமுன் ஒரு காட்சியை அவர் கண்டுவிட்டார். 1954-இல் சுப்பராயன் காங்கிரஸ் உறுப்பினராக மாநிலங்களவைக்குச் சென்றார். அதே ஆண்டு மகள் பார்வதி கிருஷ்ணன் கம்யூனிஸ்ட் கட்சியின் சார்பில் அதே அவைக்கு வந்து எதிர்வரிசையில் அமர்ந்தார். 1957-இல் இருவருமே மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர்; தந்தை திருச்செங்கோட்டிலிருந்து, மகள் கோயம்புத்தூரிலிருந்து. தாய் தன்னந்தனியாக அமர்ந்திருந்த டெல்லியில், தொழிலாளர்களின் வாக்கைப் பெற்று வந்த மகள் அமைச்சர்களைக் கேள்வி கேட்டார். பார்வதி கோவைத் தொகுதியில் மேலும் இருமுறை வென்றார்.

2024 பொதுத்தேர்தலில் மக்களவையின் 543 உறுப்பினர்களுள் பெண்கள் 74 பேர். தமிழ்நாட்டின் 39 இடங்களில் ஐவர். 2021-இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 இடங்களுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட பெண்கள் 12 பேர். கணக்கிட்டால் நூற்றுக்கு ஐந்துதான். 2023-இல் நிறைவேறிய திருத்தமோ, அடுத்த மக்கள்தொகைக் கணக்கெடுப்பையும் தொகுதி மறுவரையறையையும் கடந்த பிறகே நடைமுறைக்கு வருவேன் என்று தனக்குத்தானே தடைபோட்டுக்கொண்டது. திருச்செங்கோடு தொகுதி 2004-இல் சுப்புலட்சுமி ஜெகதீசனை மக்களவைக்கு அனுப்பியது; அவர் மத்திய இணையமைச்சரும் ஆனார். அத்தொகுதி கலைக்கப்பட்டு நாமக்கல் தொகுதி உருவான பின், 2009 முதல் 2024 வரை நடந்த நான்கு பொதுத்தேர்தல்களிலும் அங்கே வென்ற நால்வரும் ஆண்கள்.